நாற்பத்தொரு தொப்பிகளும் ஒரு புட்டி மொஸ்காத்தோவும்

செவெரீனோவிடம் நாற்பத்தொரு தொப்பிகள் இருந்தன. தலை ஒன்றுதான்.

பிரிக்கோ ரோவெரே குன்றில் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்தால், மாப்பிள்ளை வீட்டார் தரகருக்கு ஒரு புதுத் தொப்பி வாங்கித் தர வேண்டும். செவெரீனோ தன் ஒற்றை அறையின் நான்கு சுவரிலும் ஆணி அடித்து அவற்றை மாட்டி வைத்திருந்தான். கம்பளித் தொப்பி, வைக்கோல் தொப்பி, கனெல்லி பட்டணத்துக் கடையில் வாங்கிய இறகு வைத்த தொப்பி எல்லாம் அதில் உண்டு. ஒரு கஞ்ச வீட்டுக்காரர் கொடுத்த தொப்பி அவன் தலையில் பாதிக்கு மேல் இறங்காது. அதையும் அவன் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதத்தில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் எழுதிச் செருகியிருந்தான். மழை நாளில் வேலை இல்லாதபோது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டுவான். காகிதத்தைப் படித்துச் சிரித்துக்கொள்வான். தன் பெயர் எழுதிய காகிதம் எந்தத் தொப்பிக்குள்ளும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டால் மட்டும் தூசி தட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவான்.

தரகு அவனுடைய இரண்டாவது தொழில். முதல் தொழில், பை.

குத்தகைக்காரர் வீட்டில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவன் அவன். இருந்த நிலம் இரண்டு பேருக்கே காணாது. அண்ணன்மார் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், இவனுக்கு மொஸ்காத்தோ என்ற இனிப்பு ஒயினை வடிகட்டும் கித்தான் பைகள் பன்னிரண்டு வந்தன. அந்தக் குன்றில் அதுவும் ஒரு சொத்துதான். மொஸ்காத்தோ திராட்சைச் சாற்றை அதன் போக்கில் விட்டால், தன் இனிப்பைத் தானே தின்று தீர்த்துவிட்டு வெறும் காரமாக நிற்கும். இனிப்பு தங்க வேண்டுமென்றால் பொங்கத் தொடங்கும்போதே பிடித்து, பையில் ஊற்றி, சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் இறக்க வேண்டும். இரண்டு நாள் சும்மா கிடக்கும். மறுபடி கண் விழிக்கும். மறுபடி பை. இப்படி ஆறு தடவை. ஆறாவது தடவைக்குப் பிறகு அடங்கிவிடும். அதன் பின் புட்டியில் அடைத்தால், இளமஞ்சள் நிறத்தில், பழுத்த பீச் பழ வாசனையோடு, நாக்கில் மெல்லக் குறுகுறுக்கும் நுரையோடு, குழந்தைகூட ஒரு வாய் குடிக்கிற சாதுவாக இருக்கும். ஒரு தடவை குறைந்தாலும் போச்சு. குளிரில் தூங்குகிற மாதிரி நடிக்கும். ஏப்ரல் வெயில் பட்டதும் புட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்துவிடும். பிறகு நிலவறையில் வெடிச் சத்தம்தான்.

இருபத்து நான்கு வருஷமாக செவெரீனோ வடிகட்டிய புட்டி எதுவும் வெடித்ததில்லை.

அக்டோபர், நவம்பரில் அவன் வீடு வீடாக முற்றத்தில் பை கட்டி உட்காருவான். ஒரு வீட்டுக்கு இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரம் ஒரு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த வீட்டில் தெரியாதது எது? எந்தப் பையன் அம்மாவிடம் குரல் உயர்த்துகிறான், எந்தப் பெண் பாடிக்கொண்டே துணி துவைக்கிறாள், எவன் மாட்டை அடிக்கிறான், எல்லாம் தெரிந்துவிடும். ஒரு வீட்டுப் பெண், வண்டிக்காரனின் சீழ்க்கை கேட்கும்போதெல்லாம் தண்ணீர் வாளியைக் கீழே போடுவதை அவன் மூன்று நாள் பார்த்தான். நான்காம் நாள் அவள் அப்பாவிடம், "வாளி நசுங்கிப் போறதுக்குள்ள கல்யாணத்தைப் பண்ணிடுங்க" என்றான். அப்படி வந்ததுதான் முதல் தொப்பி.

மொஸ்காத்தோவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டார் என்ன தட்டு வைக்கிறார்கள் என்பதை வைத்தே அவன் அந்த வீட்டை எடை போட்டுவிடுவான். சோளமாவு பிஸ்கட்டை எண்ணி வைத்தால் கை இறுக்கமான வீடு. நன்றாகப் பழுத்த அத்திப் பழமும் சலாமி இறைச்சியும் சேர்த்து வைத்தால் நாக்கு தெரிந்த வீடு, மருமகள் பட்டினி கிடக்க மாட்டாள். முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் மொஸ்காத்தோவும் சேர்த்து அடுப்படியில் நின்று கை வலிக்க அடித்து, சூடான நுரைப் பாகாகக் கொண்டு வந்தால், அந்த வீட்டில் சோம்பேறி யாரும் இல்லை.

அந்தக் குன்றில் பெண் கேட்பதற்கும் வாய்ப் பேச்சு கிடையாது. மாப்பிள்ளையின் நிலவறையிலிருந்து ஒரு புட்டி மொஸ்காத்தோவைத் தரகர் பெண் வீட்டுக்குக் கொண்டு போவார். பெண் வீட்டார் அதைத் திறந்து ஊற்றிப் பக்கத்தில் ஒரு தட்டு வைப்பார்கள். அந்தத் தட்டுதான் பதில். ரொட்டியும் சலாமியும் வந்தால், சிநேகமாக இருப்போம், சம்பந்தம் வேண்டாம். ரொபியோலா பாலாடைக்கட்டி வந்தால், யோசிக்க வேண்டும், பத்து நாள் கழித்து வா. ஹேசல் கொட்டை கேக் வந்தால், சரி. யாருக்கும் முகம் சுண்டாது. தின்றுவிட்டு எழுந்து போகலாம்.

ஹேசல் கொட்டை கேக்கை ஊரில் ஒருத்திதான் சரியாகச் செய்வாள். ரொட்டி அடுப்பு வைத்திருந்த ஒத்தாவியா.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கணவன் நத்தாலே போர் நடந்தபோது ருஷ்யப் பனிக்குள் போனவன், திரும்பவில்லை. அவள் மூன்று வருஷம் வாசலைப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் வைத்துவிட்டுப் போன அடுப்பைப் பற்ற வைத்தாள். நத்தாலேயின் தங்கை ஜெம்மாவும் அவளோடுதான் இருந்தாள். ஜெம்மாவின் வாயைக் கண்டால் பாதிரியாரே தெருவின் மறு பக்கம் போய்விடுவார்.

யாராவது சம்மதம் சொல்ல நினைத்தால், முந்தின நாளே ரகசியமாக ஒத்தாவியாவிடம் கேக் சொல்லி வைக்க வேண்டும். ஆகவே செவெரீனோ பேசி முடித்த ஒவ்வொரு கல்யாணமும் அவனுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிந்தது. சனிக்கிழமைதோறும் அவன் ஒரு சின்னப் புட்டி மொஸ்காத்தோவோடு அடுப்படிக்கு வந்து நிற்பான். "ஏதாவது சொல்லி வச்சிருக்காங்களா?" என்பான். "தொழில் ரகசியம்" என்பாள் அவள். ஆனால் சொல்லி வைத்திருந்தால் அவள் கன்னத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியைப் பார்த்துவிட்டு அவன் நிம்மதியாகத் தூங்கப் போவான். போகும்போது கேக்கின் உடைந்த ஓரத்தைக் காகிதத்தில் சுற்றி அவனுக்குக் கொடுப்பாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. அவன் எதற்காக வருகிறான் என்பது ஒன்பது வருஷத்தில் அவனுக்குத் தெளிவாகவே தெரிந்துவிட்டது.

ஆனால் வாய் திறக்கவில்லை. ஒற்றை அறை, பன்னிரண்டு பை, நாற்பத்தொரு தொப்பி. இதை வைத்துக்கொண்டு என்ன கேட்பது? அதோடு தரகன் தனக்காக ஒரு கதவைத் தட்டிவிட்டால், இத்தனை நாள் வீட்டுக்குள் வந்து இவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஊர் கேட்காதா? அந்தப் பயம் அவன் நாக்கில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, ஈஸ்டர் முடிந்த வாரம். ப்ளாசிதோ அவனைக் கூப்பிட்டனுப்பினார். தெற்குச் சரிவு முழுவதும் அவர் திராட்சைத் தோட்டம். குன்றில் முதலில் டிராக்டர் வாங்கியவர். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர், நல்ல மனுஷர். மெதுவாகப் பேசத்தான் தெரியாது.

"யோவ் செவெரீனோ, எனக்கு ஒரு பொண்ணு பேசணும். முதல்ல கை குடு."

"யாருன்னு சொல்லுங்க, குடுக்கிறேன்."

"பேரைச் சொன்னா நீ யோசிப்ப. யோசிக்கிற தரகன் எனக்கு எதுக்கு? மாட்டுச் சந்தையில கை குடுத்துட்டுத்தானே விலை பேசுறோம். குடுய்யா."

இதற்கு முன்னும் எத்தனையோ தடவை அப்படிக் கொடுத்திருக்கிறான். இப்போதும் சிரித்துக்கொண்டே கொடுத்தான். ப்ளாசிதோ அந்தக் கையை அழுத்திப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒத்தாவியா" என்றார்.

செவெரீனோவின் கை அவர் கைக்குள்ளேயே இருந்தது. முற்றத்தில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு நொடி உலகமே எங்கோ தூரத்தில் நடப்பது போல அவனுக்குத் தோன்றியது.

"என்னய்யா கை இப்படிச் சில்லுனு ஆகுது? காய்ச்சலா?"

"இல்ல. பை அலசின தண்ணி" என்றான் செவெரீனோ. பை அலசுகிற மாதம் அது இல்லை. ப்ளாசிதோ அதைக் கவனிக்கவில்லை.

"என் நிலவறையில உன் கையால வடிகட்டினதுதான் இருக்கு. அதுலயே ஒண்ணை எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போயிடு. வாய்க்கு ருசியா ஆக்கிப் போட ஆள் வேணும்யா. இந்த வயசுல நான் வேற என்ன கேக்கிறேன்."

கை கொடுத்தால் கொடுத்ததுதான். அதை மீறினால் செவெரீனோ என்ற பெயருக்கு அந்தக் குன்றில் மதிப்பு கிடையாது. அந்த வாரம் முழுவதும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை வழக்கம் போலச் சின்னப் புட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டான். அடுப்படி மூலை வரை போனான். உள்ளே ஒத்தாவியா பாடிக்கொண்டிருந்தாள். நாளை இந்தப் பாட்டு இன்னொருவர் வீட்டில் கேட்கும் என்று நினைத்தான். அப்படியே திரும்பிவிட்டான். புட்டி கோட்டிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாகக் காய்ந்தது. இருந்ததிலேயே நல்ல தொப்பியை, பத்தொன்பதாவதை, வைத்துக்கொண்டான். ப்ளாசிதோவின் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். ஜெம்மா திறந்தாள்.

"வாங்க தரகரே. நேத்து வரல? அண்ணி உடைஞ்ச ஓரத்தை எடுத்து வச்சுட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில நான்தான் தின்னேன்."

"கொஞ்சம் தலைவலி."

"இருக்காதா பின்ன. நாப்பது தொப்பி மாத்தி மாத்திப் போட்டா எந்தத் தலைதான் தாங்கும்."

"நாப்பத்தொண்ணு" என்றான் அவன், பழக்கத்தில்.

உள்ளே அடுப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் ஒரு ஞானஸ்நான விருந்து. மேசை முழுக்க ஹேசல் கொட்டை கேக்குகள், மூடாமல் ஆறிக்கொண்டிருந்தன. வறுத்த கொட்டையின் வாசனை ஆளைக் கிறங்கடித்தது. ஒத்தாவியா கைகளைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் கக்கத்தில் இருந்த பெரிய புட்டியைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"ஜெம்மாவுக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கா இருந்தா அவரு தொப்பியைக் கையில பிடிச்சிருக்க மாட்டாரு, ஓடியே போயிருப்பாரு" என்றாள் ஜெம்மா.

"உங்களுக்குத்தான்" என்றான் செவெரீனோ. குரல் அவனுடையது போலவே இல்லை. "ப்ளாசிதோ அனுப்பியிருக்காரு."

மேசையில் இடம் இல்லை. கைக்கு எட்டியது அடுப்பு வாய்க்கு மேலே இருந்த பலகைதான். புட்டியை அங்கே வைத்தான். இருபத்து நான்கு வருஷமாக மொஸ்காத்தோவை வெயிலில்கூட வைக்காதவன், அன்று அடுப்புக்கு மேல் வைத்தான். வைத்தது அவனுக்கே தெரியவில்லை.

ஒத்தாவியா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தரகர்னா மாப்பிள்ளையைப் பத்திச் சொல்லணும். சொல்லுங்க."

அவன் சொன்னான். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ப்ளாசிதோ குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர் இல்லை என்றான். மாட்டை அடிக்க மாட்டார், வேலையாளுக்குத் தன் தட்டிலேயே சோறு போடுவார் என்றான். தோட்டம் தெற்குச் சரிவு, வீட்டில் தண்ணீர்க் குழாய் உள்ளேயே வருகிறது, குளிர் காலத்தில் நீங்கள் வாளி தூக்க வேண்டாம் என்றான். சொல்லச் சொல்ல ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவன் நெஞ்சில் ஒவ்வொரு ஆணியாக இறங்கியது.

"குறை ஒண்ணும் இல்லையா?"

"கொஞ்சம் சத்தமாப் பேசுவாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க? தரகரா கேக்கல. செவெரீனோவா கேக்கிறேன்."

அவன் தொப்பியை விரல்களுக்கு நடுவில் சுற்றினான். "கை குடுத்துட்டேன் ஒத்தாவியா. நினைக்கிறதுக்கு எனக்கு இப்ப உரிமை இல்ல."

அவள் கண்கள் கலங்கின. சட்டென்று எழுந்தாள். "சரி. அப்ப தட்டு எடுத்து வைக்கிறேன்" என்று அலமாரிப் பக்கம் திரும்பினாள். எந்தத் தட்டு? சலாமி மேல் அடுக்கில் இருந்தது. பாலாடைக்கட்டி நடுவில். கேக் மேசையில். அவள் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தைரியம் இல்லாமல் செவெரீனோ கண்களை மூடிக்கொண்டான்.

டமால்.

மூன்று பேரும் குனிந்துவிட்டார்கள். கண்ணைத் திறந்தபோது பலகையில் புட்டி இல்லை. கூரையிலிருந்து மொஸ்காத்தோ சொட்டியது. சுவர், அடுப்பு, ஜெம்மாவின் தலைமுடி, பத்தொன்பதாம் தொப்பி எல்லாவற்றிலும் இனிப்பு நுரை. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் மேசையில் இருந்த கேக்குகள் மேலெல்லாம் கண்ணாடித் தூள் சர்க்கரை தூவியது போல மின்னியது.

ஜெம்மா முதலில் நிமிர்ந்தாள். கன்னத்தில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். "நல்ல இனிப்பு. பொண்ணு கேக்கிறதுக்கு இவ்ளோ வேகம் ஆகாது தரகரே."

ஒத்தாவியா கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "உங்க கை வடிகட்டினதா இது?"

"ஆமா."

"உங்க பாட்டில் வெடிச்சு நான் கேள்விப்பட்டதே இல்லையே."

அவன் பதில் சொல்வதற்குள் கதவு படாரென்று திறந்தது. ப்ளாசிதோ. மூச்சு இரைத்தது. கையில் ஒரு புட்டியின் கழுத்து மட்டும் இருந்தது.

"செவெரீனோ! என் நிலவறை போச்சுய்யா. பூசையிலேர்ந்து வந்து கதவைத் திறக்கிறேன், பட் பட்னு வெடிக்குது. முப்பது பாட்டில். மிச்சத்தை வேலைக்காரங்க கிணத்துத் தண்ணிக்குள்ள இறக்கிட்டு இருக்காங்க." அப்போதுதான் கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. மேலே பார்த்தார். "இங்கயுமா?"

"இங்கயும்தான்" என்றாள் ஜெம்மா. "காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க. கண்ணாடி."

ப்ளாசிதோ காலைத் துடைத்தார். "எத்தனை தடவை பையில விட்ட? உண்மையைச் சொல்லு."

செவெரீனோ மனசுக்குள் அக்டோபருக்குப் போனான். ப்ளாசிதோவின் முற்றம். வரிசையாகத் தொங்கும் பைகள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று, நான்கு. அன்று வாசலில் யாரோ வந்தார்கள். மறுநாள் அவன் ஆறு என்று எண்ணிக்கொண்டு பைகளை அலசிவிட்டான்.

"நாலு" என்றான். முகம் வெளுத்துவிட்டது. "அஞ்சாவதும் ஆறாவதும் விட்டுப் போச்சு. என் தப்புதான். இந்த வருஷம் உங்க வேலையை கூலியே இல்லாம செஞ்சு குடுக்கிறேன்."

"அது கிடக்கட்டும்யா. இருபத்து நாலு வருஷமா தப்பாத ஆளு எப்படித் தப்பின? அன்னிக்கு என்ன ஆச்சு?"

அவன் குனிந்து தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"கேக்கிறேன்ல?"

"அன்னிக்கு" என்றான் செவெரீனோ, தரையைப் பார்த்துக்கொண்டு, "அறுவடை விருந்துக்குக் கேக் கொண்டு வந்தாங்க. கூடையை இறக்கி வச்சுட்டுப் பக்கத்துல உக்காந்தாங்க. பையிலேர்ந்து சொட்டுறதைப் பாத்து, மழை விட்ட பிறகு கூரை சொட்டுற சத்தம் மாதிரி இருக்குன்னாங்க. அரை மணி நேரம் பேசிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் எனக்கு எண்ணிக்கையே இல்ல."

"யாரு கேக் கொண்டு வந்தது?" என்று கேட்டார் ப்ளாசிதோ.

ஜெம்மா நெற்றியில் அறைந்துகொண்டாள். "இந்தக் குன்றுல எத்தனை பேரு கேக் செய்றோம்?"

ப்ளாசிதோ ஒத்தாவியாவைப் பார்த்தார். செவெரீனோவைப் பார்த்தார். கையிலிருந்த புட்டிக் கழுத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் விஷயம் இறங்க நேரம் எடுக்கும். இறங்கியதும் நாற்காலியை இழுத்துத் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அட மடையா. இதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே. கை குடுக்கிறதுக்கு முன்னாடி."

"பேரை நீங்க சொன்னாத்தானே."

ப்ளாசிதோ புட்டிக் கழுத்தை மேசை ஓரத்தில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் வலி இருந்தது. ஒரு வாரமாக அவரும் மேசைக்கு எதிரில் இரண்டாவது நாற்காலி போட்டுப் பார்த்திருந்தார்.

"சரி, பதில் என்ன வந்துச்சு?" என்று ஒத்தாவியாவிடம் கேட்டார்.

"கேள்வியே வரலையே" என்றாள் அவள். "பாட்டிலை நான் திறக்கலை. திருப்பி அனுப்பவும் இல்லை. அதுவே திறந்துக்கிச்சு. இதுக்கு வழக்கத்துல என்ன பதில் தரகரே?"

நாற்பத்தொரு கல்யாணம் முடித்தவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"நான் சொல்றேன்" என்றார் ப்ளாசிதோ, பெருமூச்சோடு. "பாட்டில் வந்து சேரலைன்னா பொண்ணு கேக்கலைன்னு அர்த்தம். கை குடுத்ததை நான் திருப்பி எடுத்துக்கிறேன். இந்தா." கையை நீட்டினார். செவெரீனோ அதைப் பிடித்தான். ப்ளாசிதோ ஒரு முறை குலுக்கிவிட்டுக் கையை உதறி விடுவித்தார்.

செவெரீனோவின் நாக்கில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்த கல் அப்போது அசைந்தது. கோட்டுப் பைக்குள் கை போனது. நேற்றுக் கொடுக்காமல் போன சின்னப் புட்டி அங்கேதான் இருந்தது. தன் சொந்த வீட்டுக்காக, ஆறு தடவை ஒழுங்காக எண்ணி வடிகட்டியது. அதை எடுத்து, அடுப்புக்குத் தள்ளி, ஜன்னல் ஓரத்து நிழலில் வைத்தான்.

"இது யாரு அனுப்பினது?" என்று கேட்டாள் ஒத்தாவியா. கன்னத்தில் குழி விழத் தொடங்கியிருந்தது.

"ஒரு பையன். கொஞ்சம் வயசான பையன்."

"என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"என்ன வச்சிருக்கான்?"

"ஒரு ரூம். பன்னெண்டு பை. நாப்பத்தொரு தொப்பி." தன் தொப்பியிலிருந்து வழிந்ததைப் பார்த்தான். "நாப்பதுன்னு வச்சுக்கலாம்."

"குறை?"

"பக்கத்துல ஒருத்தங்க உக்காந்தா எண்ணத் தெரியாது."

ஒத்தாவியா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே தக்கையை இழுத்தாள். மெல்லிய சத்தத்தோடு திறந்துகொண்டது. நான்கு குவளைகளில் ஊற்றினாள். பீச் பழ வாசனை அறையில் எழுந்தது. பிறகு தட்டு எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசையில் தின்னக்கூடிய கேக் இல்லை. இருந்ததெல்லாம் கண்ணாடி.

"அண்ணி" என்றாள் ஜெம்மா மெதுவாக, "அலமாரியில சலாமியும் பாலாடைக்கட்டியும்தான் இருக்கு."

சலாமி என்றால் வேண்டாம். பாலாடைக்கட்டி என்றால் பத்து நாள். செவெரீனோவின் முகம் விழுந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். இத்தனை நடந்த பிறகும் அவன் தட்டைத்தான் நம்புவான். அவன் அந்தக் குன்றுக்காரன்.

ஒத்தாவியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூலையிலிருந்த கொட்டை மூட்டையை இழுத்து அவன் காலடியில் வைத்தாள். சுத்தியலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உடைங்க. வறுத்து, அரைச்சு, முட்டை அடிச்சு, அடுப்புல வச்சு எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரமா எங்கயாவது போகணுமா?"

"இல்ல" என்றான் செவெரீனோ. மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் கொட்டையை உடைத்தான்.

ப்ளாசிதோவும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கொட்டை உடைக்க உட்கார்ந்தார். கேக் வரும் வரை பசி தாங்காது என்று ஜெம்மா சலாமியை நறுக்கி ரொட்டியோடு வைத்தாள். "இது பதில் இல்ல, பசி. தெரிஞ்சுக்குங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். உப்பும் மிளகும் ஏறிய சலாமிக்கு அந்த இனிப்பு எத்தனை பொருத்தமோ. ப்ளாசிதோ மூன்று துண்டு தின்றுவிட்டு, "யாரு போட்ட சலாமி இது?" என்று கேட்டார்.

"நான்தான். ஏன்?"

"மிளகு தூக்கல்."

"உங்க சத்தத்தை விடக் கம்மிதான்."

ப்ளாசிதோ நான்காவது துண்டை எடுத்தார். செவெரீனோ கொட்டையை உடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தான். தரகன் கண் சும்மா இருக்குமா? ஆனால் அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொண்டான்.

கேக் வெந்து வந்தபோது மாலை வெயில் ஜன்னலில் சாய்ந்திருந்தது. ஆறுவதற்குக்கூட யாரும் காத்திருக்கவில்லை. ஒத்தாவியா நடுவில் ஒரு பெரிய துண்டை வெட்டி, தட்டில் வைத்து, சின்னப் புட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். ஒன்பது வருஷமாக உடைந்த ஓரம் தின்றவனுக்கு அன்று முழுத் துண்டு கிடைத்தது.

அறுவடை முடிந்த நவம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தரகருக்குத் தொப்பி தர வேண்டுமே, மாப்பிள்ளையே தரகர் ஆயிற்றே என்ற சிக்கல் எழுந்தது. வேலையெல்லாம் செய்தது தான்தான் என்று ஜெம்மா வாதாடி அந்தத் தொப்பியை வாங்கிக்கொண்டாள். இறகு வைத்த தொப்பிதான் வேண்டுமென்று கேட்டு வாங்கினாள். உள்ளே இரண்டு பெயர் எழுதிய காகிதத்தை செவெரீனோ தன் கையாலேயே செருகிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் அவன் பை கட்டினான். தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஒவ்வொரு தடவைக்கும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டான். பை கட்டும் நாளில் முற்றத்துக்கு வரக் கூடாது என்று ஒத்தாவியாவுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவள் கூடையோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். அவன் எழுந்து போய்ச் சுவரில் இருக்கிற கோடுகளை இன்னொரு முறை எண்ணிவிட்டு வந்து உட்காருவான்.